எம்.எச். 370-ஐ இனியும் தேடுவதென்றால் எந்த வழியில்? நான்கு வழிகளும் இரண்டு ஒப்பந்தங்களும்: ஓர் ஒப்பீடு

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதம் நெருங்கும்போது 2014-இல் காணாமல்போன மலேசிய விமானம் எம்.எச். 370 பற்றி வாசகர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டு வகைப்படும். இவ்வளவு கருவிகள் இருந்தும் ஒரு விமானத்தை ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது ஒரு வகை. இனியும் தேடுவதென்றால் எந்த வழியில் தேடுவது, அதற்கு யார் பணம் கொடுப்பது என்பது மற்றொன்று. முதல் கேள்வி பெரும்பாலும் சதிக் கதைகளில் போய் முடிகிறது. அந்தப் பக்கம் நான் போகப் போவதில்லை. இரண்டாவது கேள்வியில்தான் உண்மையான தேர்வு அடங்கியிருக்கிறது. வானிலிருந்து பார்ப்பது, கறுப்புப் பெட்டியின் ஒலியைக் கேட்பது, கப்பலின் பின்னால் சோனாரை (ஒலியால் கடலடியைப் படமெடுக்கும் கருவியை) இழுத்துச் செல்வது, தானியங்கி நீர்மூழ்கிகளை அனுப்புவது ஆகிய நான்கு வழிகளும் ஒன்றுக்கொன்று போட்டி என்பதுபோலப் பேசப்படுவதால், எதை எப்போது எடுக்க வேண்டும் என்பது குழம்பிப் போகிறது.

## கையில் இருப்பது புள்ளியா, கோடா

2014 மார்ச் 8 அன்று நள்ளிரவு கடந்து 12.42 மணிக்குக் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்குப் புறப்பட்ட அந்த போயிங் 777 விமானத்தில் 239 பேர் இருந்தார்கள். விமானியறையிலிருந்து கடைசிக் குரல் 1.19-க்குக் கேட்டது, அடுத்த சில நிமிடங்களில் தரைக்கட்டுப்பாட்டு ரேடார் திரையிலிருந்து விமானம் மறைந்தது, 2.22-க்கு மலேசிய ராணுவ ரேடார் அதைக் கடைசியாகப் பார்த்தபோது, அது பினாங்கைத் தாண்டி அந்தமான் கடலின் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு நமக்குக் கிடைத்தவை எல்லாம், இன்மார்சாட் செயற்கைக்கோளும் விமானத்தின் தொடர்புக் கருவியும் ஏறத்தாழ மணிக்கொரு முறை தாமாகவே பரிமாறிக்கொண்ட குறுஞ்சமிக்ஞைகள் மட்டுமே. அவற்றில் கடைசியானது 8.19-க்கு வந்தது. சமிக்ஞை போய்த் திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு, அந்தக் கணத்தில் விமானம் செயற்கைக்கோளிலிருந்து எவ்வளவு தொலைவில் இருந்தது என்று சொல்ல முடியும். எந்த இடத்தில் இருந்தது என்று சொல்ல முடியாது. ஆகவே கையில் புள்ளி இல்லை. கடைசிச் சமிக்ஞை காட்டும், தெற்கு இந்தியப் பெருங்கடலின் குறுக்கே வளைந்து செல்லும் ஒரு கோடுதான் இருக்கிறது. 'ஏழாவது வில்' என்று இத்துறையில் இருப்பவர்கள் சொல்வது இதைத்தான்.

இதை 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 விமானத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிசுக்குப் போன அந்த ஏர்பஸ் ஏ330, விழுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் தன் இருப்பிடத்தைத் தானாகவே அனுப்பியிருந்தது. அந்தப் புள்ளியை மையமாக வைத்து 40 கடல்மைல் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால், பரப்பு ஏறத்தாழ 17,000 சதுர கிலோமீட்டர். விமானம் அந்த வட்டத்துக்குள்தான் கிடந்தது. அப்படி இருந்தும் கடலடியில் அதைக் கண்டுபிடிக்க ஒரு வருடமும் பத்து மாதங்களும் ஆயின. வட்டம் இருந்தே இந்தக் கதி என்றால், வில் மட்டும் இருக்கும்போது நிலைமை எப்படி இருக்கும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

## எவற்றைக் கொண்டு எடைபோடுவது

பொதுவாக இத்தகைய ஒப்பீடுகளில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு எவ்வளவு செலவு என்பதையே முதல் அளவுகோலாக வைக்கிறார்கள். அது தவறான தொடக்கம் என்பது என் எண்ணம். நான் முதலில் வைப்பது, ஒரு வழி 'இங்கே இல்லை' என்று சொன்னால் அதை எவ்வளவு தூரம் நம்பி வரைபடத்தில் அந்தக் கட்டத்தை அடித்துவிடலாம் என்பதைத்தான். கடலில் நடக்கும் எந்தத் தேடலிலும் கிட்டத்தட்ட எல்லா நாட்களும் எதுவும் கிடைக்காத நாட்களே. அந்த நாட்களின் பயன், அடிக்கப்பட்ட கட்டங்கள் உண்மையிலேயே அடிக்கப்படத் தகுந்தவையா என்பதைப் பொறுத்தது. அரைகுறையாகப் பார்த்துவிட்டு அடித்த கட்டத்தில் விமானம் கிடந்தால், அதன்பின் எத்தனை கோடி செலவழித்தாலும் அது வேறெங்கோதான் செலவாகும்.

இதற்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியவை: தேட வேண்டிய பரப்பின் அளவு, கடலின் ஆழமும் அடிநிலத்தின் மேடுபள்ளமும், விபத்து நடந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பது, வருடத்தில் எத்தனை மாதங்கள் அந்தக் கடலில் வேலை செய்ய முடியும் என்பது, கடைசியாக, பணமும், எதுவும் கிடைக்காவிட்டால் அந்த நட்டம் யார் தலையில் விழும் என்பதும்.

## முதல் வழி: வானிலிருந்தும் கப்பலிலிருந்தும் மேற்பரப்பைத் தேடுவது

விபத்து நடந்த முதல் சில நாட்களில் இதற்கு ஈடான வழி எதுவும் இல்லை. உயிரோடு யாராவது இருந்தால் காப்பாற்ற முடியும் என்பதும், மிதக்கும் பாகங்கள் இன்னும் விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் என்பதும் காரணங்கள். ஏர் பிரான்ஸ் 447 விழுந்த ஐந்தாறு நாட்களிலேயே உடல்களும் உடைபாகங்களும் மேற்பரப்பில் கிடைத்தன. 2014 டிசம்பர் 28 அன்று ஜாவா கடலில் விழுந்த ஏர்ஏசியா விமானத்தின் பாகங்களும் இரண்டு நாட்களுக்குள் தென்பட்டன; கடலின் ஆழம் அங்கே முப்பது மீட்டர் அளவே என்பதால் இரண்டு வாரங்களில் முக்குளிப்பவர்கள் கறுப்புப் பெட்டிகளை எடுத்து வந்துவிட்டார்கள்.

எம்.எச். 370-இல் இந்த முதல் நாட்கள் தவறான கடலில் செலவாயின. தென்சீனக் கடலிலும் மலாக்கா நீரிணையிலும் அந்தமான் கடலிலும் தேடிவிட்டு, செயற்கைக்கோள் கணக்கு தெற்கைக் காட்டியபின், மார்ச் 18-இல்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து விமானங்கள் தெற்கு இந்தியப் பெருங்கடலுக்குக் கிளம்பின. பத்து நாட்களில் அக்கடலின் காற்றும் நீரோட்டமும் மிதவைகளை எங்கெங்கோ சிதறடித்திருக்கும். ஏப்ரல் 28-இல் நிறுத்தப்படும்வரை 40 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் பார்க்கப்பட்டது. அந்த விமானத்தின் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. பரப்பு எண்ணைப் பார்த்து வியப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: மிதவை நகர்ந்துகொண்டே இருப்பதால், இன்று பார்த்த நீர்ப்பரப்பை நாளைக்கும் 'பார்த்தது' என்று எழுதிவைக்க முடியாது. கட்டத்தை அடிக்கும் வலிமை இந்த வழிக்கு மிகக் குறைவு.

ஆனால் மேற்பரப்புத் தேடலுக்குத் தாமதமாகப் பிறந்த தம்பி ஒருவன் உண்டு. அவனை இன்னும் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 508 நாட்கள் கழித்து, 2015 ஜூலை 29 அன்று, ரீயூனியன் தீவின் கரையில் விமான இறக்கையின் ஒரு பகுதியான ஃபிளாப்பரான் ஒதுங்கியது. பின்னர் தான்சானியாவின் பெம்பா தீவு, மொரிஷியஸ், மொசாம்பிக், மடகாஸ்கர் என்று மேற்கு இந்தியப் பெருங்கடலின் கரைகளில் பாகங்கள் கிடைத்தபடி இருந்தன. ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் ஆய்வாளர்கள் இதை வைத்துச் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தமானது. மாதிரிப் பலகைகளை மட்டும் நம்பாமல், வேறொரு போயிங் 777-இன் நிஜ ஃபிளாப்பரானை வாங்கி, ரீயூனியனில் கிடைத்ததைப் போலவே வெட்டி, கடலில் மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். அது காற்றின் திசையிலேயே போகாமல் சற்று இடப்பக்கமாக ஒதுங்கியும், எதிர்பார்த்ததைவிட வேகமாகவும் நகர்ந்தது. அந்த வேகத்தைக் கணக்கில் சேர்த்தபோதுதான் ரீயூனியனை அது 2015 ஜூலையில் அடைந்தது பொருந்தியது. விழுந்த இடமாக ஏழாவது வில்லில் தெற்கு அட்சரேகை 35 பாகையை ஒட்டிய பகுதி முன்னுக்கு வந்தது. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் எதுவும் ஒதுங்கவில்லை என்பதும் இந்தக் கணக்கில் ஒரு சான்றே. வில்லின் தென்கோடியில் விழுந்திருந்தால் அங்கே சில பாகங்களாவது போயிருக்க வேண்டும்.

இதற்கான செலவு ஒரு கப்பலின் சில வாரச் செலவுக்குக்கூட வராது. எனவே காலம் கடந்த தேடலில் மேற்பரப்புக்கு இடமே இல்லை என்று நினைப்பது சரியல்ல, விமானங்களுக்குத்தான் இடமில்லை.

## இரண்டாம் வழி: கறுப்புப் பெட்டியின் ஒலியைக் கேட்பது

கறுப்புப் பெட்டியோடு இணைந்திருக்கும் பிங்கர் நீரில் நனைந்ததும் 37.5 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் நொடிக்கு ஒருமுறை துடிக்கத் தொடங்கும். 2014-இல் பறந்துகொண்டிருந்த பெரும்பாலான விமானங்களில் இருந்ததைப்போல எம்.எச். 370-இல் இருந்ததும் முப்பது நாள் பேட்டரி. ஒலி எட்டும் தொலைவு நல்ல நிலையில் இரண்டு, மூன்று கிலோமீட்டர். நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கும் பெட்டியைக் கடலின் மேலே நின்று கேட்க முடியாது. கேட்கும் கருவியை நீளமான கேபிளில் கட்டி ஆழத்துக்கு இறக்கி, நடந்து போகும் வேகத்தில் இழுத்துச் செல்ல வேண்டும். சிறிய வட்டம் கையில் இருந்தால் இது மிக வேகமான வழி. 2007 ஜனவரி 1 அன்று இந்தோனேசியாவின் மக்காசார் நீரிணையில் விழுந்த ஆடம் ஏர் விமானத்தின் பிங்கர் ஒலியை அமெரிக்கக் கடற்படைக் கப்பல் அதே மாதத்தில் கேட்டுவிட்டது. அதன்பின் அந்தப் பெட்டிகள் ஆகஸ்ட் மாதம்வரை கடலடியிலேயே கிடந்ததற்குக் காரணம் தொழில்நுட்பம் அல்ல. எடுக்கும் செலவை யார் ஏற்பது என்ற இழுபறி.

இந்த வழியின் வெளியே தெரியாத செலவு, தவறான ஒலியும் கேட்காத ஒலியும். 2014 ஏப்ரல் தொடக்கத்தில், பேட்டரி தீரும் நாள் நெருங்கியபோது, சீனக் கப்பல் ஒன்றும் ஆஸ்திரேலியாவின் ஓஷன் ஷீல்டு கப்பலும் துடிப்புகளைக் கேட்டதாக அறிவித்தன. ஓஷன் ஷீல்டு கேட்டது 33 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருந்தது. அதை நம்பி புளூஃபின்-21 என்ற தானியங்கி நீர்மூழ்கியை இறக்கி, மே 28 வரை 850 சதுர கிலோமீட்டரைத் துழாவினார்கள், ஒன்றும் இல்லை. பின்னால் வெளியான விசாரணை அறிக்கை இன்னொன்றையும் சொன்னது: பறப்புத் தரவுப் பதிவியின் பிங்கர் பேட்டரிக்கு 2012 டிசம்பரிலேயே காலக்கெடு முடிந்திருந்தது.

ஏர் பிரான்ஸ் 447-இல் நடந்தது இதற்கு நேர் எதிர். 2009 ஜூனில் ஒலி கேட்கும் கருவிகள் சிதைவுகளின் அருகிலேயே கடந்து போயும் எதுவும் கேட்கவில்லை. கேட்காததால் அந்தப் பகுதியை அடித்துவிட்டு அடுத்த தேடல்கள் வேறு பக்கம் போயின. கடைசியில் மெட்ரான் என்ற அமெரிக்க நிறுவனம், பேயெஸ் நிகழ்தகவு முறையில் எல்லாச் சான்றுகளையும் மறுபடி எடைபோட்டு, பிங்கர்கள் இரண்டுமே வேலை செய்யாமல் போயிருந்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டபோது, அடித்துவிட்ட பகுதியே வரைபடத்தில் மீண்டும் சிவந்து நின்றது. 2011 மார்ச் இறுதியில் அங்கே இறங்கிய நீர்மூழ்கிகள் சுமார் ஒரு வாரத்தில் சிதைவுகளைக் கண்டன. இடம், கடைசிப் புள்ளியிலிருந்து ஆறரைக் கடல்மைல். 'தேடினோம்' என்பதும் 'இல்லை' என்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

எம்.எச். 370-க்கு இந்த வழி 2014 ஏப்ரலோடு முடிந்துபோயிற்று. தொண்ணூறு நாள் பேட்டரியும், விமான உடலிலேயே பொருத்தப்படும் தாழ்ந்த அலைவரிசைப் பிங்கரும் அதற்குப் பின் வந்தவை. அவை இனி நடக்கும் விபத்துகளுக்கே உதவும்.

## மூன்றாம் வழி: இழுவை சோனார்

கப்பலின் பின்னால் எட்டு, பத்துக் கிலோமீட்டர் கேபிளில் சோனார் பொருத்திய ஓர் உருளையைக் கடலடிக்கு மேலே நூறு மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில் இழுத்துச் செல்வது இந்த முறை. 2014 அக்டோபர் முதல் 2017 ஜனவரி 17 வரை ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் நடத்திய தேடலின் பெரும்பகுதி இப்படித்தான் நடந்தது. 1,20,000 சதுர கிலோமீட்டர். மலேசியா, ஆஸ்திரேலியா, சீனா ஆகிய மூன்று நாடுகளின் பணம் ஏறத்தாழ 20 கோடி ஆஸ்திரேலிய டாலர்.

இதன் நல்ல பக்கம் அறைக்குள் நடப்பதில் தெரியும். கேபிள் வழியே படம் உடனுக்குடன் கப்பலுக்கு வந்துவிடும். இரவும் பகலும் முறைவைத்து உட்கார்ந்திருப்பவர்களின் கண்முன் கடலடி மேலிருந்து கீழாக வழிந்துகொண்டே இருக்கும். மென்மையான சேறு மங்கலாகவும், கடினமானவை வெளிச்சப் புள்ளிகளாகவும், அவற்றின் பின்னே ஒலி எட்டாத இடம் கறுப்பு நிழலாகவும் விழும். சமவெளியில் இது போதும்: சுற்றிலும் பாறையே இல்லாத சேற்றின் நடுவே கடினமான புள்ளிகள் ஒரு கூட்டமாகத் தெரிந்தால் அது இயற்கையானது அல்ல என்று அனுபவமுள்ள கண் சொல்லிவிடும். ஏர் பிரான்ஸ் 447 கிடந்தது அப்படிப்பட்ட சமவெளியில், 3,900 மீட்டர் ஆழத்தில், ஏறத்தாழ 600 மீட்டர் நீளமும் 200 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு திட்டாக.

தெற்கு இந்தியப் பெருங்கடலின் அடி சமவெளி அல்ல. புரோக்கன் ரிட்ஜ் என்ற மலைத்தொடரும், அதன் தெற்கே டயமன்டினா செங்குத்துச் சரிவும், ஆங்காங்கே எரிமலைகளும் அங்கே இருக்கின்றன. தேடலுக்கு முன் அந்தப் பகுதிக்கு நம்பத்தக்க ஆழவரைபடமே இல்லாததால், முதலில் பல மாதங்கள் அதை வரைவதிலேயே போயின. செங்குத்து எதிர்ப்படும்போது கேபிளைச் சுருட்டி உருளையை உயர்த்த வேண்டும். உயர்த்தியதும் அடிநிலம் சோனாரின் எட்டலிலிருந்து விலகிவிடும். படத்தில் அங்கே ஒரு ஓட்டை. 2016 ஜனவரியில் ஓர் உருளை, அடிநிலத்திலிருந்து 2,200 மீட்டர் எழும்பி நின்ற ஒரு சேற்று எரிமலையில் மோதி, கேபிளோடு கடலடியில் விழுந்தது. ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் பத்துக் கிலோமீட்டர் வாலோடு கப்பலைத் திருப்பி மறுபடி நேராக்க மணிக்கணக்கில் ஆகும். இவற்றோடு ஃப்ரீமாண்டில் துறைமுகத்திலிருந்து தேடும் இடத்துக்குப் போக ஐந்தாறு நாள், வர ஐந்தாறு நாள். எரிபொருளும் சம்பளமும் அந்த நாட்களுக்கும் உண்டு. ஒரு சதுர கிலோமீட்டருக்கு இவ்வளவு என்ற கணக்கில் இவை எதுவும் தெரியாது.

இன்னொரு எண்ணையும் இங்கே வைக்க வேண்டும். அந்தத் தேடலின் சோனார் படங்களில் கவனிக்கத் தக்கவை என்று குறிக்கப்பட்ட இடங்கள் 661. அவற்றுள் மிகவும் சந்தேகத்துக்குரிய 82 இடங்கள் மட்டும் நெருங்கிப் பார்க்கப்பட்டு விலக்கப்பட்டன. மீதி 579 இடங்கள், பார்த்த மாத்திரத்தில் நிலவியல் அமைப்புகள் என்றோ வாய்ப்புக் குறைந்தவை என்றோ விடப்பட்டவை. விட்டது நியாயமான முடிவே. கப்பல் நேரம் அளவோடுதான் இருந்தது. சோனாரின் கூர்மை பற்றியும் எனக்குச் சந்தேகம் இல்லை, 19-ஆம் நூற்றாண்டில் மூழ்கிய வணிகக் கப்பல்களையே அது காட்டிக்கொடுத்தது. ஆனாலும் அடித்த கட்டங்கள் எல்லாம் ஒரே அளவு அழுத்தத்தோடு அடிக்கப்பட்டவை அல்ல.

## நான்காம் வழி: தானியங்கி நீர்மூழ்கிகள்

கேபிளே இல்லாமல், முன்கூட்டி எழுதிக்கொடுத்த பாதையில் தானே ஓடி, படம் எடுத்துக்கொண்டு மேலே வருபவை இவை. 2018-இல் ஓஷன் இன்ஃபினிட்டி நிறுவனம் சீபெட் கன்ஸ்ட்ரக்டர் என்ற ஒரே கப்பலிலிருந்து எட்டு ஹூகின் நீர்மூழ்கிகளை அனுப்பி, நான்கு மாதங்களுக்குள் 1,12,000 சதுர கிலோமீட்டரைத் தேடி முடித்தது. முந்தைய தேடலுக்கு இரண்டே கால் ஆண்டு பிடித்த பரப்புக்கு இது கிட்டத்தட்டச் சமம். 6,000 மீட்டர் ஆழம்வரை போகும். இரண்டு நாளுக்கு மேல் அடியிலேயே இருக்கும். கேபிள் இழுக்காததால் மேடுபள்ளத்தை ஒட்டியே ஏறி இறங்கும். சிறிய இடத்துக்குள்ளேயே திரும்பும்.

நம் பக்கத்துக் கடலிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து 29 பேரோடு போர்ட் பிளேருக்குக் கிளம்பிய இந்திய விமானப்படையின் ஏஎன்-32 வங்காள விரிகுடாவின் மேல் மறைந்தது. பயணிகள் விமானம் அல்ல என்றாலும் தேடும் சிக்கல் அதேதான். கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடியும் அப்போது எதுவும் கிடைக்கவில்லை. சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் ஏழரை ஆண்டுகளுக்குப் பின் தன் தானியங்கி நீர்மூழ்கியை அந்த விமானம் கடைசியாகத் தெரிந்த இடத்தில் இறக்கியபோது, கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் கிடந்தன. 2024 ஜனவரியில் அரசு அதை அறிவித்தது. கருவி புதியது என்பதைவிட, இறக்குவதற்கு ஒரு புள்ளி இருந்தது என்பதையே இதில் நான் முதலில் பார்க்கிறேன்.

குறைகளும் உண்டு. படம் உடனே வராது. நீர்மூழ்கி மேலே வந்து, தரவை இறக்கி, ஆராய்ந்தபின்தான் என்ன இருந்தது என்று தெரியும். கடலில் விடுவதும் எடுப்பதுமே ஆபத்தான கட்டங்கள் என்பதால், அலை உயர்ந்தால் வேலை நின்றுவிடும். தென்கோளக் குளிர்காலத்தில் அந்தப் பகுதியில் வேலை நாட்களே அரிது. எட்டு நீர்மூழ்கிகள் கொண்டுவந்து கொட்டும் படங்களை யார், எத்தனை நாளில், எவ்வளவு கவனத்தோடு பார்க்கிறார்கள் என்பதும் தனிக்கேள்வி. வேகமாகத் தேடிவிட்டு நிதானமின்றிப் பார்த்தால், மறுபடி அரைகுறையாக அடித்த கட்டங்களே மிஞ்சும்.

## நான்கையும் பக்கத்தில் வைத்தால்

| வழி | எப்போது எடுக்கலாம் | 'இல்லை' என்றால் நம்பலாமா | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|---|
| மேற்பரப்புத் தேடல் | முதல் இரண்டு வாரங்கள் | குறைவாக | தவறான கடலில் போகும் நாட்கள் |
| ஒதுங்கிய பாகங்களின் தடம் | மாதங்கள், ஆண்டுகள் கழித்து | பெரிய பகுதிகளை விலக்க உதவும் | பாகம் ஒதுங்கும்வரை காத்திருப்பு |
| பிங்கர் ஒலி | பேட்டரி தீருமுன், சிறிய வட்டத்தில் | நம்பக் கூடாது | பொய்யான ஒலி, கேட்காத ஒலி |
| இழுவை சோனார் | சமமான அடிநிலத்தில், எந்நேரமும் | சமவெளியில் ஆம், சரிவில் இல்லை | திருப்பம், போக்குவரத்து, கேபிள் இழப்பு |
| தானியங்கி நீர்மூழ்கி | ஆழமான, கரடான, பெரிய பரப்பில் | படங்களை நிதானமாகப் பார்த்தால் ஆம் | வேலை நாட்கள் குறைவு, ஆய்வுக்கு ஆகும் நேரம் |

## நாள்கூலியா, கண்டால் மட்டும் கூலியா

கருவியைத் தேர்ந்தபின் ஒப்பந்தத்தைத் தேர வேண்டியிருக்கிறது. என் கணிப்பில் விளைவை அதிகம் மாற்றுவது இதுதான். அரசு நாள்கூலி கொடுத்துத் தேடினால், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பணம் போகும். பதிலுக்கு எங்கே, எந்த வரிசையில், எவ்வளவு கவனமாகத் தேட வேண்டும் என்பதை அரசே சொல்லலாம், தரவு அரசுக்குச் சொந்தம். 2014–17 தேடலின் தரவை ஆஸ்திரேலிய அரசின் புவி அறிவியல் அமைப்பான ஜியோசயின்ஸ் ஆஸ்திரேலியா பொதுமக்களுக்கே திறந்துவிட்டது. மறுபக்கம், மூன்று நாடுகளும் சேர்ந்து பணத்தை நிறுத்திய நாளில் தேடலும் நின்றது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் வல்லுநர் குழு ஒன்று, தேடி முடித்த பகுதிக்கு வடக்கே 25,000 சதுர கிலோமீட்டரை அடுத்த இடமாகக் காட்டியிருந்தது.

கண்டால் மட்டும் கூலி என்ற முறையில் நட்டம் நிறுவனத்துடையது. 2018 ஒப்பந்தத்தில் படிகள் இருந்தன: முதல் 5,000 சதுர கிலோமீட்டருக்குள் கண்டால் 2 கோடி அமெரிக்க டாலர், 10,000-க்குள் 3 கோடி, 25,000-க்குள் 5 கோடி, அதற்கும் அப்பால் 7 கோடி. கண்டுபிடிக்கவில்லை; மலேசியா கொடுக்க வேண்டியதும் ஒன்றுமில்லை. அதே நிறுவனம் அதே ஆண்டு நவம்பரில், காணாமல்போய் ஒரு வருடமும் இரண்டு நாளும் ஆகியிருந்த அர்ஜென்டினாவின் சான் ஹுவான் நீர்மூழ்கிக் கப்பலை 907 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்து 75 லட்சம் டாலர் பெற்றது. அதை மேலே கொண்டுவர வழியில்லை என்று அர்ஜென்டினா அரசு உடனே சொல்லிவிட்டது. காண்பதும் எடுப்பதும் தனித்தனிச் செலவு என்பதை ஒப்பந்தம் எழுதும்போதே நினைக்க வேண்டும்.

இந்த முறையின் மறைவான விலை, எப்போது நிறுத்துவது என்பதை நிறுவனத்தின் கணக்கு முடிவு செய்யும் என்பது. செங்குத்தான, மெதுவாக நகர வேண்டிய இடத்தில் செலவிடும் நாளை, விரைவாக முடிக்கத்தக்க சமவெளியில் செலவிடுவதே எந்த நிறுவனத்துக்கும் இயல்பு. 2025 மார்ச்சில் மலேசியா அதே நிறுவனத்தோடு புதிதாக 15,000 சதுர கிலோமீட்டருக்குக் கையெழுத்திட்டது. கண்டால் 7 கோடி டாலர். பருவம் சரியில்லை என்று ஏப்ரலில் வேலை நிறுத்தப்பட்டது. டிசம்பர் 30 முதல் 55 நாட்களுக்கு விட்டுவிட்டுத் தொடரும் என்று பின்னர் அறிவிப்பு வந்தது. காத்திருக்கும் குடும்பங்களுக்கு இந்த நிறுத்தங்கள் ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்பதை எந்த ஒப்பந்தமும் கணக்கிடுவதில்லை.

ஆயினும் கருவூலத்தை வைத்துப் பார்த்தால், புள்ளி இல்லாத தேடலுக்குக் கண்டால் மட்டும் கூலியே பொருத்தம். புள்ளி இருக்கும்போது நாள்கூலியே மலிவு.

## யார் எதைத் தேரலாம்

விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள், கடைசி இருப்பிடம் தெரிந்திருந்தால்: விமானங்களும் பிங்கர் கேட்கும் கருவியும் ஒரே நேரத்தில் போக வேண்டும், ஒன்று முடிந்தபின் மற்றொன்று அல்ல. பிங்கர் கேட்கவில்லை என்பதை வைத்து எந்தக் கட்டத்தையும் அடிக்கக் கூடாது. ஆழம் நூறு மீட்டருக்குள் என்றால் இந்தக் கட்டுரையின் பாதி தேவையே இல்லை, முக்குளிப்பவர்கள் போதும்.

ஒலி நின்றுபோய், வட்டம் மட்டும் இருந்தால்: அடிநிலம் சமமாக இருக்கும் இடத்தில் இழுவை சோனார், மற்ற இடத்தில் நீர்மூழ்கி. கப்பலை வாடகைக்கு எடுக்குமுன் மெட்ரான் செய்ததுபோல ஒரு மறுகணக்குக்குச் சில மாதம் கொடுப்பது, கடலில் அதே மாதங்களைக் கழிப்பதைவிட நல்லது.

எம்.எச். 370-க்கு வந்தால், நான் தேரும் வரிசை இது. ஏற்கெனவே கையில் இருக்கும் சோனார் படங்களில் செங்குத்துச் சரிவுகளாலும் கருவிக் கோளாறாலும் விழுந்த ஓட்டைகளை முதலில் பட்டியலிட்டு, 579 இடங்களையும் புதிய கண்களால் மறுபடி பார்க்க வேண்டும். இது கரையிலேயே நடக்கும் வேலை. அதன்பின், மிதவைத் தடமும் ஏழாவது வில்லும் சந்திக்கும் தெற்கு 35 பாகையைச் சுற்றி, ஓட்டைகளுக்கும் இதுவரை தொடாத ஓரங்களுக்கும் மட்டும் நீர்மூழ்கிகள் போக வேண்டும். வில்லிலிருந்து எவ்வளவு தள்ளித் தேடுவது என்பது, கடைசியில் விமானத்தை யாராவது ஓட்டினார்களா என்ற கேள்வியைப் பொறுத்தது; தரையிறங்கும்போது விரிக்கப்படும் இறக்கை மடிப்பு, கிடைத்த துண்டில் விரிக்கப்படாத நிலையில் இருந்திருக்கலாம் என்ற ஆய்வும், கடைசிச் சமிக்ஞைகள் காட்டும் வேகமான இறக்கமும், வில்லுக்கு அருகிலேயே நிற்கச் சொல்கின்றன. கூலி, கண்டால் மட்டும். ஆனால் ஒப்பந்தத்தில் இரண்டு வரிகள் கூடுதலாக இருக்க வேண்டும்: சரிவுகளில் செலவிடும் நாட்களுக்கு மட்டும் சிறிய நாள்கூலி; எதுவும் கிடைக்காவிட்டாலும் ஓட்டைகளோடு சேர்த்து முழுத் தரவும் அரசின் கைக்கு வர வேண்டும். கப்பல் டிசம்பரில் கிளம்பி மார்ச்சுக்குள் திரும்பட்டும்.